நாத்தனாரோடு ஒரு குடித்தனம்

வீடு காட்ட வந்த புரோக்கர் வண்டியை நிறுத்தியதும் கேட்ட முதல் கேள்வி, "பேச்சிலர்ஸா, ஃபேமிலியாக்கா?" என்பதுதான்.

"ஃபேமிலி," என்றேன்.

அவர் என் பக்கத்தில் நின்ற நாத்தனாரைப் பார்த்தார். பிறகு எங்களுக்குப் பின்னால் ஆண் யாராவது வருகிறாரா என்று தெருமுனை வரைக்கும் பார்த்தார். யாரும் வரவில்லை.

"சார் வேலைக்குப் போயிருக்காரா?"

"சார் கிடையாது. நாங்க ரெண்டு பேர்தான்."

"ரெண்டு லேடீஸா? அப்ப பேச்சிலர்ஸ்னு சொல்லுங்கக்கா. ஓனர்கிட்ட நான் எப்படிப் பேசறது?"

எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. அவளுக்கு நாற்பத்து நான்கு. பதினெட்டு வருடங்களாக ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். இந்த வயதில் என்னைப் பேச்சிலர் என்று எழுதிக்கொள்ள எனக்கு மனமில்லை.

"ஃபேமிலின்னே சொல்லுங்க. இல்லன்னா அடுத்த வீட்டக் காட்டுங்க," என்றேன்.

கிழக்குத் தாம்பரத்தில் நாங்கள் குடியிருந்த பழைய வீட்டை இடித்து ஃபிளாட் கட்டப் போகிறார்கள் என்பதால் காலி செய்ய வேண்டியிருந்தது. சேலையூர், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் என்று அந்த மாதத்தில் ஒன்பது வீடுகள் பார்த்தோம். பெரும்பாலான வீடுகளில் கதை இதுதான். ஒரு வீட்டுக்காரர் எங்களைக் கேட்டுக்குள்ளேயே விடாமல், பக்கத்தில் நல்ல லேடீஸ் ஹாஸ்டல் இருக்கிறது, சாப்பாடும் நன்றாக இருக்கும் என்று வழி சொன்னார். என் நாத்தனார், "நீங்க சாப்பிட்டிருக்கீங்களா சார் அங்க?" என்று கேட்டுவிட்டு நடந்தாள்.

இவள் எப்படி என்னோடு இருக்கிறாள் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

இவள் என் கணவரின் தங்கை. நான் கல்யாணமாகி வந்த நாளிலேயே அந்த வீட்டில் இருந்தாள். அவளுக்குப் பார்த்த மூன்று இடங்கள் கடைசி நேரத்தில் தட்டிப்போன பிறகு, இனி யாரும் என் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியின் தேர்வுப் பிரிவில் அவளுக்கு வேலை. எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. மாமனாரும் மாமியாரும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் மூன்று பேர்தான்.

எனக்கும் அவளுக்கும் அப்படியொன்றும் உருகி வழிகிற பாசமில்லை. அதைச் சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். நான் துணியைக் காயப்போட்டால் அவள் எடுத்து வேறு மாதிரி போடுவாள். அவள் வைக்கும் ரசம் எனக்கு ஆகாது. என் சாம்பார் அவளுக்கு ஆகாது. பன்னிரண்டு வருடங்கள் ஒருத்தியைப் பற்றி இன்னொருத்தி என் கணவரிடம் புகார் சொன்னோம். அவர் இரண்டையும் கேட்டுக்கொள்வார். ஒன்றுக்கும் பதில் சொல்லமாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து, சிறுசேரியில் தன்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னார். எனக்கு ஆத்திரம் வருவதற்கு முன்னால் வியப்புதான் வந்தது. இத்தனை தெளிவாக அவர் எதையும் பேசி நான் கேட்டதில்லை. என்னைப் பார்த்து, "நீ உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடு" என்றார். தங்கையைப் பார்த்து, "நீ என்னோட வந்துடு" என்றார்.

அவள் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "நான் எங்கயும் வரல. நான் இருக்கற இடத்துல நான் இருக்கேன். போறவன் நீ. நீ போ."

போனார். விவாகரத்து முடிய ஒன்றரை வருடம் ஆனது. தீர்ப்பு வந்த அன்று அவள் கல்லூரிக்கு லீவு போட்டுக்கொண்டு என்னோடு கோர்ட்டுக்கு வந்தாள். திரும்பும்போது மின்சார ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். பல்லாவரம் தாண்டியதும், "அண்ணி, ராத்திரிக்கு மாவு இருக்கா?" என்று கேட்டாள். எந்த நீதிபதியும் ரத்து செய்யாத அந்த 'அண்ணி'யை அவள் இன்றுவரை விடவில்லை.

ஆனால் மற்றவர்களுக்கு அது போதவில்லை. என் அண்ணன், "அவள எதுக்கு இன்னும் கூட வச்சுக்கிட்டு இருக்க?" என்று ஃபோனில் கேட்டான். ஏதோ பழைய பீரோவைக் கேட்பதுபோல் இருந்தது. அவளுடைய பக்கத்துச் சொந்தக்காரர்கள், அவள் என்னை அண்டிக் கிடப்பதாகப் பேசினார்கள். ஒரே வீடு, அதே இரண்டு பெண்கள். ஒரு பக்கத்தில் நான் வைத்திருக்கிறேன், இன்னொரு பக்கத்தில் அவள் அண்டியிருக்கிறாள். நாங்கள் இருவரும் சும்மா இருக்கிறோம், அவரவர் சம்பாத்தியத்தில், அவரவர் விருப்பத்தில் இருக்கிறோம் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

ஒன்பதாவது வீடு மாடம்பாக்கத்தில் இருந்தது. வீட்டுக்கார அம்மாவின் குடும்பம் அந்த ஊரிலேயே பயிர் வைத்துப் பிழைத்த குடும்பம். வயல் மனையாகி, மனை வீடாகி, இப்போது நான்கு வீடுகளின் வாடகை வருகிறது. கீழே அவர்கள், மேலே எங்களுக்குப் பார்த்த போர்ஷன். போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்க வேண்டிய வாடகைதாரர் படிவத்தை அவருடைய மகன் நிரப்பிக்கொண்டிருந்தார்.

"உங்களோட இருக்கறவங்க உங்களுக்கு என்ன உறவு மேடம்?"

"நாத்தனார்."

"ஹஸ்பெண்ட் பேரு?"

"டைவர்ஸ் ஆயிடுச்சு."

அவர் பேனாவை நிறுத்தினார். "அப்புறம் எப்படி நாத்தனார்?"

நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்கார அம்மா குறுக்கே புகுந்தார். "இன்னாமா சொல்ற? புருசன் பூட்டான், அவன் தங்கச்சி மட்டும் உங்கூட கீறாளா?"

"ஆமாம்மா. அவரு போயிட்டாரு. இவ போகல."

அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "என் நாத்தனா கீறாளே, ஒரு தீபாளிக்கு வந்தா மூணு நாளிக்கி மேல என்னால தாங்க முடியாது. டேய், இன்னாத்துக்குப் பேனாவப் புடிச்சிகினு நிக்கிற? நாத்தனான்னு எய்து." என்னிடம் திரும்பி, "வருசத்துக்கு ஒரு தபா குடித்தனம் மாத்தி பெயின்ட் அடிக்க என்னால ஆவாதும்மா. வந்தா நெலையா இருக்கணும், சொல்லிட்டேன்," என்றார்.

குடிபோனோம்.

தாம்பரம் மேற்கில் ஒரு மொபைல் கடையின் மாடியில் நான் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். மாலை வகுப்பில் இருப்பவர்கள் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். புது வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில், நடத்த வேண்டிய பாடத்தாளில் ஒரு தொடர் வந்தது: 'லிவ் சைட் பை சைட்'. பக்கம் பக்கமாக வாழ்வது. அதற்கு இணையான சொற்கள் கீழே வரிசையாகக் கிடந்தன. சேர்ந்து வாழ்வதற்கு லிவ் டுகெதர், மோதாமல் அருகருகே இருப்பதற்கு கோஎக்ஸிஸ்ட், ஒத்துப்போவதற்கு கெட் அலாங், சகித்துக்கொள்வதற்கு புட் அப் வித். ஒவ்வொன்றையும் எங்கே சொல்லலாம், எங்கே சொல்லக்கூடாது என்று விளக்க வேண்டும். பிறகு ஒவ்வொருவரும் தங்கள் வீட்டைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்.

'லிவ் டுகெதர்' என்று பலகையில் எழுதியதுமே பின்வரிசையில் இரண்டு பேர் சிரிப்பை அடக்கினார்கள். தமிழ்நாட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான் என்றாகிவிட்டது. அண்ணன் தம்பி சேர்ந்து வாழ்ந்தாலும் அதே சொல்தான் என்று சொன்னேன். அவர்கள் நம்பவில்லை.

ஒரு துணிக்கடையில் பில் போடும் பெண் ஒருத்தி அந்த வகுப்பில் இருந்தாள். கோவளம் பக்கம் மீன்பிடிக் குடும்பம். அவள் எழுந்து, "மேம், எங்க ஊர்ல பக்கத்து வூட்டோட எங்கப்பாவுக்கு ரெண்டு வருசமா பேச்சு இல்ல. மூஞ்ச திருப்பிகினுதான் போவாங்க. ஆனா கரைவலை இழுக்கச் சொல்ல ரெண்டு பேரும் ஒரே கயித்தப் புடிச்சி இழுப்பாங்க. அதுக்கு இதுல எது மேம்?" என்று கேட்டாள்.

"கோஎக்ஸிஸ்ட்," என்றேன். எனக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் அன்றைக்குத்தான் சரியாகப் புரிந்தது.

எல்லாரும் ஒரு சுற்று சொல்லி முடித்தார்கள். படப்பை தாண்டி ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தவர், "நீங்க சொல்லுங்க மேம்," என்றார்.

நாத்தனாரோடு வாழ்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அங்கங்கே சிரிப்பு. "உங்க ஹஸ்பெண்ட் மேம்?" என்று கேட்டார். "ஹி லிவ்ஸ் எல்ஸ்வேர்," வேறு வீட்டில் இருக்கிறார் என்றேன். சிரிப்பு நின்றது. சூழ்நிலையைக் காப்பாற்றுவதாக நினைத்து அவர், "நாத்தனார்னா 'புட் அப் வித்'துதான் கரெக்டா இருக்கும் மேம்," என்றார்.

"சில நாள் அதுவும் கரெக்ட்தான். அவளக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவா," என்றேன். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொல்லவில்லை. ஆறு வருடங்களாக என் வீட்டைப் பற்றி யாராவது கேட்டால் பாதி சொல்லி பாதியை விழுங்கிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு முழுதாகச் சொல்லிவிட்டு, அடுத்த பாடத்துக்குப் போனேன்.

மாடம்பாக்கம் வந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். ஒரு ஞாயிறு காலை பத்து மணிக்கு என் முன்னாள் கணவர் வந்தார். கூடவே அவருடைய சித்தப்பா. கோர்ட்டுக்கு வெளியே அன்று பார்த்த பிறகு அவரை நான் பார்க்கவே இல்லை. தலை நன்றாக நரைத்திருந்தது. உட்காரச் சொன்னேன், காபி கொடுத்தேன். யார் வந்தாலும் கொடுக்கிற காபிதான்.

சித்தப்பா ஆரம்பித்தார். "பொண்ணுன்னா கூடப்பொறந்தவன் வீட்ல இருக்கறதுதான் மரியாதை. எத்தன நாளைக்கு நீ அடுத்தவங்கள அண்டிக்கிட்டு இருப்ப?"

"நான் யாரையும் அண்டல சித்தப்பா," என்றாள் அவள். "கேஸ் கனெக்‌ஷன் என் பேர்லதான் இருக்கு. வேணும்னா புக்கக் காட்டறேன்."

"அதச் சொல்லலம்மா. நாலு பேர் பேசற மாதிரி..."

"அந்த நாலு பேர்ல நீங்களும் ஒருத்தர்தான சித்தப்பா?"

அவள் அண்ணன் குறுக்கிட்டார். விஷயம் மெதுவாக வெளியே வந்தது. அவருடைய மனைவிக்கு ஐந்தாவது மாதம். டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணின் அம்மாவுக்கும் உடம்பு முடியவில்லை. வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டும்.

"என் வேலை?" என்று கேட்டாள்.

"லீவ் போடு. அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்புறம்னா?"

அவர் என் பக்கம் திரும்பினார். "நீதான் இவளப் பிடிச்சு வச்சிருக்க. நீ சொன்னா வருவா."

எனக்குச் சுருக்கென்றது. நிமிர்ந்து உட்கார்ந்து, "நான் யாரையும் பிடிச்சு வைக்கல. அவளுக்குப் போகணும்னா தாராளமாப் போகட்டும். நான் குறுக்க நிக்கமாட்டேன்," என்றேன். நல்ல பதில் சொல்லிவிட்டதாகத்தான் நினைத்தேன். பெருந்தன்மையாகவும் இருந்தது, சூடாகவும் இருந்தது. என் நாத்தனார் மட்டும் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் பார்வையைத் தரைக்குத் திருப்பிக்கொண்டாள். அந்தப் பார்வையை அப்போது நான் கவனித்தேன். ஏன் என்று யோசிக்கவில்லை.

அவர் குரலை உயர்த்தினார். "குறுக்க நிக்க நீ யாரு? சட்டப்படி நீ அவளுக்கு ஒண்ணுமே கிடையாது."

"சட்டப்படி நீங்களும் எனக்கு ஒண்ணுமே கிடையாது," என்றேன். "என் வீட்ல உக்காந்து என் காபியக் குடிச்சுக்கிட்டு என்னையே சத்தம் போடாதீங்க."

அவர் எழுந்து நின்று கத்த ஆரம்பித்தார். அந்தச் சத்தத்துக்கு வீட்டுக்கார அம்மா படியேறி வந்துவிட்டார். வாசலில் நின்றபடியே, "இன்னாபா, ஞாயித்துக்கெயம அதுவுமா பேஜார் பண்ணிகினு கீற? பொம்பளைங்க இருக்கற வூடு. பேசறதா இருந்தா குந்திப் பேசு, இல்லன்னா எறங்கி நட," என்றார்.

சித்தப்பா அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார். அப்போதுதான் என் நாத்தனார் பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"அண்ணா, உனக்கு ஆள் வேணும்னா சம்பளத்துக்கு வை. எங்க காலேஜ்ல ஆயாம்மா ஒருத்தவங்க இருக்காங்க, அவங்களுக்குத் தெரிஞ்சவங்க இருப்பாங்க, நானே கேட்டுச் சொல்றேன். தங்கச்சி வேணும்னா சொல்லு, லீவு நாள்ல வந்து பாக்கறேன். ரெண்டையும் ஒண்ணாக் கலக்காத. ஏழு வருசத்துல நான் சாப்பிட்டேனான்னு நீ ஒரு ஃபோன் பண்ணதில்ல."

அவர்கள் போய்விட்டார்கள். வீட்டுக்கார அம்மா, "டம்ளர எட்த்து உள்ள வை," என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார். எனக்கு ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. மத்தியானம் பாயசம் வைக்கலாமா என்றுகூட யோசித்தேன்.

அவள் என்னோடு பேசவில்லை. அன்றும் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. காலையில் தன் டப்பாவை மட்டும் கட்டிக்கொண்டு ரயிலுக்குப் போனாள். எங்களுக்குள் சண்டை புதிதில்லை. ஆனால் எங்கள் சண்டையில் சத்தம் இருக்கும். இந்த மௌனம் எனக்குப் பழக்கமில்லாதது.

செவ்வாய்க்கிழமை அவள் வேலை முடிந்து வந்ததும், கை கழுவும் இடத்தில் வழிமறித்து நின்று கேட்டேன். "என்னடி ஆச்சு உனக்கு? நான் என்ன தப்புப் பண்ணேன்?"

"தாராளமாப் போகட்டும்னு சொன்னீங்களே."

"உன்ன யாரும் கட்டிப் போடலன்னு சொன்னேன். உனக்காகத்தான சொன்னேன்?"

"எனக்காகவா?" அவள் தண்ணீர்க் குழாயை மூடினாள். "அவன் வந்துடுன்னு சொன்னான். நீங்க போகட்டும்ங்கறீங்க. வா, போ. இதுதான் எனக்கு ஆயுசு பூரா. ஒருத்தராவது இருன்னு சொன்னீங்களா? நான் இருந்தேன் அண்ணி. யாரும் சொல்லாமலே இருந்தேன். அன்னைக்கு அவங்க ரெண்டு பேரு முன்னாடி, இவ என்னோட இருக்கட்டும்னு ஒரு வார்த்த சொன்னா உங்களுக்கு வாய் வலிக்குமா?"

ஆறேழு வருடங்களாக ஊர் முழுக்க நான் விறைப்பாக நின்று பதில் சொல்லியிருக்கிறேன். புரோக்கரிடம், அண்ணனிடம், வகுப்பில். எல்லாரிடமும் எங்களைப் பற்றிப் பேசினேன். அவளிடம் மட்டும் ஒன்றும் சொன்னதில்லை. சொல்லாமலே தெரியும் என்று விட்டிருந்தேன். கேட்டால் கடமைப்பட்டது போலாகிவிடுமோ, மறுத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் உள்ளே இருந்திருக்க வேண்டும். அதற்குப் பெருந்தன்மை என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

"இரு," என்றேன்.

"எங்க?"

"இங்கதான். என்னோட."

"அவன் கேட்டதுனால சொல்றீங்க."

"இல்லடி. ரெண்டு நாளா நீ பேசாம நான் செத்துட்டேன். இரு. நான் சொல்றேன், இரு."

அவள் முகத்தைத் துண்டால் துடைத்தாள். துண்டைக் கொடியில் போட்டபடி, "என் ரசத்தப் பத்திப் பேசக்கூடாது," என்றாள்.

"அது முடியாது," என்றேன். அவள் சிரிக்கவில்லை, ஆனால் எனக்கும் சேர்த்துத் தட்டு எடுத்து வைத்தாள்.

கல்லூரி ஆயாம்மா மூலம் அவள் அண்ணன் வீட்டுக்கு ஒரு அம்மாள் வேலைக்குப் போனார். பெண் குழந்தை பிறந்தது. இவள் ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு ஞாயிறு சாயங்காலம் திரும்பிவிட்டாள். குழந்தைக்குத் தன் அம்மாவின் நெற்றி என்றாள். எனக்கு அந்த மாமியாரோடு ஒத்துப்போனதே இல்லை; பாவம் குழந்தை என்றேன்.

முதல் பிறந்தநாளுக்கு அழைப்பு வந்தது. அவள் பெயருக்கு மட்டும். "கிளம்புங்க," என்றாள். கூப்பிடாத வீட்டுக்கு நான் எதற்கு என்றேன். "நான் கூப்பிடறேன்ல," என்று என் பச்சைப் புடவையை எடுத்துக் கட்டில் மேல் போட்டாள்.

போனேன். சிறுசேரியில் பதினோராவது மாடி. அவர் கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் வழிவிட மறந்து நின்றார். அவர் மனைவிதான் பின்னாலிருந்து, "உள்ள வாங்க," என்றாள். கூடத்தில் பக்கத்து ஃபிளாட்காரர்கள் நிறைந்திருந்தார்கள். ஒரு பெண்மணி என் நாத்தனாரிடம், என்னைக் காட்டி, "இவங்க யாருங்க?" என்று கேட்டார்.

அவள் அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "எங்க அண்ணி," என்றாள் இவள், கூடம் முழுக்கக் கேட்கும்படி.

"அப்ப இவங்க?" அந்தப் பெண்மணி குழந்தையை வைத்திருந்தவளைக் காட்டினார்.

"அவங்களும் அண்ணிதான். நாங்க ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருக்கோம், மாடம்பாக்கத்துல. அவங்க இங்க இருக்காங்க."

நான் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அது என் கண்ணாடியைப் பிடுங்கப் பார்த்தது. நான் அந்த வீட்டில் ஒரு வாய்கூட ஒளிந்துகொண்டு சாப்பிடவில்லை. நடுக்கூடத்தில் உட்கார்ந்து, இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

கேளம்பாக்கம் வந்து வண்டலூர் பஸ் பிடித்தோம். வெஜிடபிள் பிரியாணியில் உப்பு கம்மி என்றாள் அவள். சரியாகத்தான் இருந்தது என்றேன். "அவங்க வீட்டு உப்புக்குப் பரிஞ்சுக்கிட்டு வரீங்களா?" என்று கேட்டாள். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் குரலைத் தாழ்த்தவில்லை, அவளும் தாழ்த்தவில்லை. வண்டலூர் வரும்வரை பேசித் தீர்த்தோம்.